வராத கடன், வந்த புகழ்

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில், சோமாலியாவின் 450 கோடி டாலர் வெளிக்கடன் 2023 டிசம்பரில் தள்ளுபடியானது குறித்த கேள்வி ஒன்றுக்கு நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதில் பணக்கார நாடுகளின் ‘பெருந்தன்மை’ என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தது பலரை உறுத்தியிருக்கிறது. சிலரை மகிழ்வித்தும் இருக்கிறது. இதே பொருளைத் தொட்டு வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இம்முறை பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): அந்த மேற்கோள் குறி எதற்கு? ஊரில் ஆயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியவனைக் கூட யாரும் சும்மா விடுவதில்லை. பல்லாயிரம் கோடியை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த நாடுகளைப் பெருந்தன்மையானவை என்று சொல்வதில் உங்களுக்கு என்ன தயக்கம்?

பதில்: விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்குமா என்பதுதான் என் தயக்கம். வந்திருக்கும் என்றால், விட்டவர் எதையோ இழந்திருக்கிறார். அதைப் பெருந்தன்மை என்று சொல்வதில் தடையில்லை. வந்திருக்காது என்றால், அவர் செய்தது கணக்கு வழக்கைச் சரிசெய்ததுதான். நான் வங்கியில் வேலை பார்த்த நாட்களில், மார்ச் மாதக் கடைசியில் வாராக்கடன்களைத் தள்ளி எழுதுவோம். பேரேட்டில் ஒரு வரியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிற வேலை அது. அதற்காக எங்கள் மேலாளருக்கு யாரும் சால்வை போர்த்தியதாக நினைவில்லை.

சோமாலியாவையே எடுத்துக்கொள்வோம். 1991-இல் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்த பிறகு, கடனைக் கட்டுவதற்கு அங்கே அரசாங்கம் என்று சொல்லத்தக்க ஒன்றே நெடுங்காலம் இருக்கவில்லை. ஏட்டில் மட்டும் வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டே போயின. அதைத் தள்ளுபடி செய்தவர்களுக்குக் கைவிட்டுப் போனது மிகச் சொற்பம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்க அரசின் கணக்கே சொல்கிறது. 1990-இல் வந்த சட்டத்தின்படி, ஒரு வெளிநாட்டுக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால், அக்கடன் உண்மையில் எவ்வளவு பெறும் என்று மதிப்பிட்டு, அந்தத் தொகையை மட்டும் நாடாளுமன்றம் ஒதுக்கினால் போதும். சூடான் அமெரிக்காவுக்குத் தர வேண்டியிருந்தது 200 கோடி டாலருக்கும் மேல். அதைத் தீர்ப்பதற்கென்று 2020 டிசம்பரில் ஒதுக்கப்பட்டதோ 11 கோடியே 10 லட்சம் டாலர். நூறு ரூபாய்க் கடன் ஐந்தாறு ரூபாய்தான் பெறும் என்று கொடுத்தவரே மதிப்புப் போட்டிருக்கிறார். ஆனால் அறிவிப்பு மேடையில் சொல்லப்படுவது நூறு ரூபாய்தான்.

இன்னொரு வேடிக்கை உண்டு. பணக்கார நாடுகள் ஆண்டுதோறும் தாங்கள் செய்த வளர்ச்சி உதவியின் மொத்தத்தைக் கணக்குக் காட்டுகின்றன. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை இதற்குத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-இல் தீர்மானித்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தாம் அதை எட்டியிருக்கின்றன. 2005-ஆம் ஆண்டின் உதவித்தொகை திடீரென்று 10,600 கோடி டாலரைத் தாண்டிய சாதனையாக அறிவிக்கப்பட்டது. பிரித்துப் பார்த்தால், அதில் ஏறத்தாழ 1,400 கோடி டாலர் ஈராக்கின் பழைய கடனைத் தள்ளிய தொகை. இன்னும் 500 கோடிக்குச் சற்று மேல் நைஜீரியாவினுடையது. அந்தக் கடன்களில் பெரும்பகுதி, பணக்கார நாடுகள் தங்கள் சொந்த நிறுவனங்களின் ஏற்றுமதிக்குக் கொடுத்த உத்தரவாதத்தால் உண்டானவை. கொடுத்தபோது அது வியாபாரம். வராமல் போனபோது அது தர்மமாகிவிட்டது. அந்த ஆண்டு அத்தொகையைக் கொண்டு ஆப்பிரிக்காவில் ஒரு கிணறுகூடத் தோண்டப்படவில்லை, ஏனென்றால் பணம் எதுவும் எங்கிருந்தும் எங்கேயும் நகரவில்லை.

நைஜீரியாவின் கதையில் பணம் நகர்ந்தது, ஆனால் எதிர்த்திசையில். 2005 அக்டோபரில் பாரிஸ் கிளப் என்னும் கடன் கொடுத்த அரசுகளின் கூட்டமைப்பு, நைஜீரியா தர வேண்டிய சுமார் 3,000 கோடி டாலரில் 1,800 கோடியைத் தள்ளுபடி செய்தது. தலைப்புச் செய்தி அத்துடன் முடிந்துவிட்டது. மீதி 1,200 கோடி டாலரைச் சில மாதங்களுக்குள் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. எண்ணெய் விலை ஏறியிருந்ததால் நைஜீரியாவும் கட்டி முடித்தது. கோடிக்கணக்கான ஏழைகளைக் கொண்ட ஒரு நாட்டிலிருந்து, ஆப்பிரிக்காவுக்கு உதவுவோம் என்று உலகமே முழங்கிய அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக, பணக்கார நாடுகளின் கருவூலங்களுக்கு வந்து சேர்ந்த தொகை அது.

ஆகவே மேற்கோள் குறி அப்படியே இருக்கட்டும். ஆனால் எல்லாமே வெற்றுக் கணக்கு என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். உலக வங்கிக்கும் சர்வதேச நாணய நிதியத்துக்கும் தர வேண்டிய கடன்களை ஏழை நாடுகள் எப்பாடுபட்டாவது கட்டிக்கொண்டுதான் வந்தன, ஏனென்றால் அங்கே நிலுவை விழுந்தால் எல்லாக் கதவுகளும் அடைபடும். 2005 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடிய ஜி-8 நாடுகள் ஒப்புக்கொண்டது இந்தக் கடன்களைத் தள்ளுவதற்குத்தான். அது நிஜப் பணம். அப்போது சொல்லப்பட்ட 4,000 கோடி டாலர் என்பது முப்பது நாற்பது ஆண்டுகளில் கட்டியிருக்க வேண்டிய தவணைகளின் கூட்டுத்தொகை. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் 100 முதல் 200 கோடி டாலர். அதிலும் உலக வங்கி ஒரு நுட்பமான ஏற்பாட்டைச் செய்தது: ஒரு நாட்டுக்கு ஓர் ஆண்டில் எவ்வளவு தவணை தள்ளுபடியானதோ, அதே அளவை அந்நாட்டுக்கு வரவிருந்த புதிய உதவியிலிருந்து கழித்தது. அந்த இழப்புக்கு ஈடாகப் பணக்கார நாடுகள் உலக வங்கிக்குச் செலுத்திய தொகை, எல்லா ஏழை நாடுகளுக்கும் ஒரு சூத்திரப்படி பங்கிடப்பட்டது. சில நாடுகளுக்கு இதனால் லாபம். சில நாடுகளுக்கு இடது பையில் போட்டு வலது பையில் எடுத்த கதை.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? நோக்கம் எதுவாக இருந்தால் என்ன, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தால் சரிதானே?

பதில்: வந்தன, அதை மறுக்க மாட்டேன். தான்சானியா 2001-இல் தள்ளுபடிக்கான கடைசிப் படியைத் தாண்டியது. அதே காலகட்டத்தில் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. 2000-இல் 44 லட்சமாக இருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை 2005-இல் 75 லட்சமாயிற்று. வகுப்பறைக்கும் பெஞ்சுக்கும் தட்டுப்பாடு வந்தது என்பது வேறு விஷயம். அது நல்ல தட்டுப்பாடு. ஜாம்பியாவின் வெளிக்கடன் சுமார் 700 கோடி டாலரிலிருந்து 100 கோடிக்கும் கீழே இறங்கிய 2006-இல், கிராமப்புற மருத்துவமனைகளில் வாங்கிவந்த கட்டணத்தை அந்நாடு எடுத்துவிட்டது. பத்து மைல் நடந்து வந்தும் கையில் காசில்லாமல் திரும்பிப் போன கர்ப்பிணிக்கு அது எத்தனை பெரிய காரியம் என்பதைக் கணக்கேட்டில் எழுத முடியாது.

ஆனால் அந்த மாடு, நீங்கள் நினைப்பதுபோல, அவிழ்த்து விடப்பட்ட மாடு அல்ல. 1996-இல் தொடங்கிய ‘கடன்சுமை மிகுந்த ஏழை நாடுகள்’ திட்டத்தில் சேரும் நாடு, ஆண்டுக்கணக்கில் நாணய நிதியத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றிக் காட்டிய பிறகே தள்ளுபடி முழுமையாகக் கிடைக்கும். அதே ஜாம்பியாவில் அரசு ஊழியர் சம்பளச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியிருந்தார்கள். 2003, 2004 ஆண்டுகளில் அங்கே ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்கள் ஒரு பக்கம். பயிற்சி முடித்து வேலையில்லாமல் வீட்டிலிருந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் மறுபக்கம். பள்ளிக்கூடத்துக்காகத்தான் கடன் தள்ளுபடி. தள்ளுபடிக்காகத்தான் ஆசிரியர் நியமனத்துக்குத் தடை.

தான்சானியாவுக்கும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. அது தள்ளுபடி பெற்ற அதே 2001-இல், பிரிட்டனின் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் நிறுவனம் அந்நாட்டுக்கு 2 கோடியே 80 லட்சம் பவுண்டு விலையில் ஒரு ரேடார் அமைப்பை விற்க பிரிட்டிஷ் அரசு உரிமம் கொடுத்தது. இது இத்தனை விலை பெறாது, அந்நாட்டுக்கு இது தேவையுமில்லை என்று பிரிட்டனின் சொந்த வளர்ச்சித் துறை அமைச்சர் கிளேர் ஷார்ட் எதிர்த்தார். பிரதமர் டோனி பிளேர் விற்பனையின் பக்கம் நின்றார். வாங்கியதும் கடனில்தான். பின்னர் விசாரணை வந்து, 2010-இல் நிறுவனம் கணக்குகளைச் சரிவர வைக்காத குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்து லட்சம் பவுண்டு அபராதத்துடன் தான்சானியக் கல்விக்காக 2 கோடியே 95 லட்சம் பவுண்டு கட்டியது. ஒரு கையால் தள்ளுபடி, மறு கையால் புதுக்கடன் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): கடன் தள்ளுபடிக்காக நடந்த உலக இயக்கத்துக்கு ‘யூபிலி’ என்று பெயர் வைத்தது விவிலியத்தைப் பார்த்துத்தானா?

பதில்: ஆம். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் வரும் ஐம்பதாம் ஆண்டின் விடுதலைதான் அதன் மூலம். ‘யூபிலி 2000’ என்ற பெயரில், 1998 மே மாதம் பர்மிங்காமில் ஜி-8 தலைவர்கள் கூடியபோது, சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் தள்ளுபடித் திட்டம் விரிவாக்கப்பட்டதற்கு அரசுகளின் மனமாற்றத்தைவிட இந்தக் கூட்டத்தின் நெருக்குதலே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இந்தக் கதையில் பெருந்தன்மை என்ற சொல்லை மேற்கோள் குறி இல்லாமல் எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது அந்தச் சங்கிலியில் நின்ற சாதாரண மக்களுக்குத்தான்.

இன்னொன்றும் இதையொட்டிச் சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இதைக் கடன் ‘மன்னிப்பு’ என்கிறார்கள். மன்னிப்பு என்றால் தவறு முழுவதும் வாங்கியவனுடையது என்று ஆகிவிடுகிறது. நம்முடைய ‘தள்ளுபடி’ கணக்குப்பிள்ளையின் சொல். இந்த விஷயத்தில் அதுதான் நாணயமான சொல்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகி): எங்கள் பக்கத்து ‘அண்டி ஆபீஸ்’களுக்கு (முந்திரி ஆலைகளுக்கு) ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை முந்திரிக்கொட்டை வருகிறது. அந்த நாடுகளே உடைத்துப் பருப்பாக்கி விற்றால் கடனே வாங்க வேண்டாமே, ஏன் செய்வதில்லை?

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே நம் விஷயத்தின் நடு நரம்பு இருக்கிறது. மொசாம்பிக் ஒரு காலத்தில் உலக முந்திரி உற்பத்தியில் முன்வரிசையில் நின்ற நாடு. அங்கேயே உடைக்கும் ஆலைகளும் இருந்தன. உள்நாட்டு ஆலைகளுக்குக் கொட்டை கிடைக்க வேண்டும் என்பதற்காக, பச்சைக்கொட்டை ஏற்றுமதிக்கு வரி போட்டிருந்தார்கள். அந்த வரியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று 1995-இல் உலக வங்கி தன் கடனுக்கு நிபந்தனை வைத்தது. வரி போனால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். காகிதத்தில் அது தவறான வாதமும் அல்ல. நடந்தது என்னவென்றால், விவசாயியின் கைக்குப் போனது சிறு தொகை. பச்சைக்கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு, பெரும்பாலும் கொல்லம் பக்கத்து ஆலைகளுக்கு வந்தது. மொசாம்பிக்கில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பல ஆயிரம் பேர் வேலையிழந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். மொசாம்பிக் நாடாளுமன்றம் பிற்பாடு வரியை மறுபடி உயர்த்தியது. மூடிய ஆலைகளைத் திறப்பது அத்தனை எளிதாக இருக்கவில்லை.

இதில் இந்தியத் தொழிலாளியின் மேல் குற்றம் ஏதுமில்லை. முந்திரித் தோலின் எண்ணெய் பட்டு விரல் கறுத்துப்போன பெண்கள் இரண்டு கரையிலும் இருந்தார்கள். ஒரு கரையில் வேலை போனது, மறு கரையில் வேலை நீடித்தது. கடன் கொடுத்தவனின் கையெழுத்தோடு வந்த ஒரு நிபந்தனையால் அது தீர்மானமானது என்பதே செய்தி. பிறகு அதே நாட்டுக்கு 1999-இலும் 2001-இலும் கடன் தள்ளுபடி வழங்கப்பட்டபோது, போன ஆலைகளின் கணக்கு எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டால் தீர்ந்ததா? கடன் வாங்கிச் சுருட்டிய ஆப்பிரிக்கத் தலைவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவர்கள் தின்றதற்கு ஐரோப்பிய வரிசெலுத்துவோர் ஏன் அழ வேண்டும்?

பதில்: விட்டுவிடவில்லை, உங்கள் கேள்விக்காக வைத்திருந்தேன். சுருட்டியவர்களில் முதல்வர், இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு எனப்படும் ஜயீரை 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபூட்டு. தம் சொந்த ஊரான பாடோலிட்டேயில், காட்டுக்கு நடுவே, பளிங்கு மாளிகையும் பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுதளமும் கட்டிக்கொண்டவர். அவர் ஓடியபோது நாட்டின் தலையில் ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் கடன் இருந்தது.

இனி எதிர்க்கேள்வி. அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அவரைப் பற்றித் தெரியாதா? ஜயீரின் மத்திய வங்கியைச் சீர்படுத்த நாணய நிதியம் அனுப்பிய ஜெர்மானியர் எர்வின் புளூமென்தால், 1982-இல் எழுதிய அறிக்கையில், ஆட்சியாளர்களின் ஊழலை விவரித்து, கடன் கொடுத்தவர்களின் பணம் திரும்பி வர வாய்ப்பே இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் பனிப்போரில் மொபூட்டு அவர்கள் பக்கத்து ஆள். அந்தப் பணம் கடன் என்ற பெயரில் கொடுக்கப்பட்ட அரசியல் கூலி. கூலியை வாங்கியவர் மொபூட்டு. தவணை கட்டச் சொன்னது அவரால் கொள்ளையடிக்கப்பட்ட மக்களை. 2010-இல் காங்கோவுக்கு 1,230 கோடி டாலர் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது இந்த முன்கதையை யாரும் வாசிக்கவில்லை.

மொபூட்டு பழங்கதை என்பீர்களானால், புதுக்கதை மொசாம்பிக்கில் இருக்கிறது. சூரைமீன் பிடிக்கும் படகுகளும் கடலோரக் காவலும் என்று சொல்லி, 2013, 2014 ஆண்டுகளில் மூன்று அரசு நிறுவனங்களின் பெயரில் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்கே தெரியாது. 2016-இல் குட்டு வெளிப்பட்டதும் உதவி நாடுகள் நிதியை நிறுத்தின; நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. கையெழுத்திட்ட நிதியமைச்சர் மனுவேல் சாங் 2024-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அந்தக் கடனை ஏற்பாடு செய்த கிரெடிட் சுவிஸ் வங்கியின் ஊழியர்களும் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2021-இல் அவ்வங்கி ஏறத்தாழ 47 கோடியே 50 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டதோடு, மொசாம்பிக்கின் கடனில் 20 கோடி டாலரையும் தள்ளியது. திருடனுக்கு ஏணி பிடித்தவன், ஏணியின் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். ஐரோப்பிய வரிசெலுத்துவோர் அழ வேண்டியதில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்; தங்கள் அரசிடமும் வங்கிகளிடமும் அவர்கள் கணக்குக் கேட்டால் போதும்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): கடன் தள்ளுபடிக்காகச் சர்வதேச நாணய நிதியம் தன் தங்கத்தையே விற்றதாமே?

பதில்: விற்றது, ஆனால் ஒரு கட்டியும் பெட்டகத்தை விட்டு வெளியே போகவில்லை. 1999 டிசம்பருக்கும் 2000 ஏப்ரலுக்கும் இடையே, 1 கோடியே 29 லட்சம் அவுன்ஸ் தங்கத்தை பிரேசிலுக்கும் மெக்சிகோவுக்கும் சந்தை விலைக்கு விற்றார்கள். அந்நாடுகள் தாங்கள் நிதியத்துக்குத் தர வேண்டிய தவணைக்காக அதே தங்கத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டன. பாட்டி காலத்து விலையில் ஏட்டில் எழுதியிருந்த நகையை இன்றைய விலைக்கு ஏற்றி எழுதிக்கொண்டதுதான் நடந்தது. கிடைத்த ‘லாபத்தை’ முதலீடு செய்து, அதன் வருவாயைத் தள்ளுபடிக்குப் பயன்படுத்தினார்கள். கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டலாம். தியாகம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கேள்வி (மதுரை வாசகர்): ஒருவர் தள்ளுபடி செய்த கடனை இன்னொருவர் வந்து வசூலிக்கிற ‘கழுகு நிதியங்கள்’ உண்டு என்று படித்தேன். சட்டப்படி அது எப்படி முடியும்?

பதில்: முடிந்தது. ஜாம்பியா 1979-இல் ருமேனியாவிடம் டிராக்டர் முதலிய விவசாய இயந்திரங்களைச் சுமார் 1.5 கோடி டாலர் கடனுக்கு வாங்கியது. செம்பு விலை சரிந்து கட்ட முடியாமல் போய், வட்டியோடு சேர்ந்து அது 1999-இல் சுமார் 3 கோடி டாலராக நின்றது. ருமேனியா அதைச் சொற்பத் தொகைக்குத் தீர்த்துக்கொள்வது பற்றி ஜாம்பியாவோடு பேசிக்கொண்டிருந்தபோதே, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான டோனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் நடுவில் புகுந்து, அந்தக் கடன் பத்திரத்தை 33 லட்சம் டாலருக்கும் குறைவாக வாங்கிவிட்டது. பிறகு 5.5 கோடி டாலர் கேட்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிபதி அந்நிறுவனத்தின் நடத்தையைக் கடிந்துகொண்டார். ஆனாலும் சட்டம் சட்டம் என்பதால், 2007-இல் ஜாம்பியா சுமார் 1.5 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மற்றவர்கள் தள்ளுபடி செய்து மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதி இப்படிப் போயிற்று. ஊரே சேர்ந்து ஒரு குடும்பத்தின் கடனை அடைத்துவிட்ட பிறகு, கிழிந்த பழைய நோட்டு ஒன்றை யாரிடமோ விலைக்கு வாங்கிவந்து வாசலில் நிற்பவனுக்கு நீதிமன்றம் நாற்காலி போட்ட கதை.

பிரிட்டன் 2010-இல் தனிச் சட்டம் இயற்றி, தள்ளுபடித் திட்டத்திலுள்ள நாடுகளின் பழைய கடனுக்கு இப்படி முழுத்தொகை கேட்பதைத் தடுத்தது. நல்ல சட்டம், பின்னாளில் வாங்கிய கடன்களுக்கு அது பொருந்தாது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): அத்தனை தள்ளிய பிறகும் ஆப்பிரிக்க நாடுகள் மறுபடி கடனில் விழுந்துவிட்டனவே. இப்போது கடன் கொடுத்தவர் சீனாதானே?

பதில்: சீனாவும்தான். ஜாம்பியாவைவிட நல்ல உதாரணம் இல்லை. கடன் தீர்ந்து கை சுத்தமானதும், 2012-இல் அந்நாடு முதன்முறையாக 75 கோடி டாலருக்குச் சர்வதேசச் சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டது. வட்டி 5.375 சதவீதம். வாங்க முன்வந்த தொகையோ 1,100 கோடி டாலருக்கும் மேல். மேலை நாடுகளில் வட்டி விகிதம் தரையில் கிடந்ததால், முதலீட்டாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். 2014-இல் 100 கோடிக்கு 8.5 சதவீதம், 2015-இல் 125 கோடிக்கு ஏறத்தாழ 9 சதவீதம் என்று வட்டி ஏறிக்கொண்டே போனது. சாலைக்கும் விமான நிலையத்துக்கும் மின்திட்டத்துக்கும் சீனாவிடம் வாங்கியது தனி. எல்லாம் அவசியச் செலவு என்று சொல்ல முடியாது; ஆட்சியிலிருந்தவர்கள் கையை வீசிச் செலவழித்தார்கள். கொரோனா வந்த 2020 நவம்பரில், 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் ஜாம்பியா கைவிரித்தது.

ஒன்பது சதவீத வட்டி எதற்காக? பணம் திரும்பாமல் போகும் அபாயத்துக்காகத்தான் அந்தக் கூடுதல் வட்டி. அபாயம் நிஜமானபோது, முழு அசலும் வேண்டும் என்று வாதாடுவது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடன் சீரமைப்புக்காக ஜி-20 நாடுகள் வகுத்த பொதுச் சட்டகத்தின் கீழ் 2021 தொடக்கத்தில் ஜாம்பியா விண்ணப்பித்தது; அரசுகளுக்குத் தர வேண்டிய 630 கோடி டாலரைப் பற்றிய உடன்பாடு 2023 ஜூனில்தான் வந்தது. அதில் 400 கோடிக்கு மேல் சீனாவுடையது. கடன் பத்திரக்காரர்களோடு முடிந்தது 2024-இல். பள்ளியும் மருத்துவமனையும் மூன்றரை ஆண்டுகள் காத்துக்கொண்டிருந்தன.

அந்த 2023 உடன்பாட்டில் அசல் ஒரு டாலரும் குறையவில்லை. 2043 வரை தவணையை நீட்டி, 2037 வரை வட்டியை ஒரு சதவீதமாக்கினார்கள். சீனா தன் வட்டியில்லாக் கடன்களை அவ்வப்போது தள்ளுபடி செய்து அறிவிப்பதுண்டு. 2022 ஆகஸ்டில்கூட 17 ஆப்பிரிக்க நாடுகளின் 23 கடன்களைத் தள்ளியது. ஆனால் அவை அதன் மொத்தக் கடனில் சிறு துணுக்கு. பெரிய வணிகக் கடன்களில் அது மேலை நாட்டு வங்கிகளைப் போலவே கறாராக நடந்துகொள்கிறது. இந்த விஷயத்தில் கிழக்கு, மேற்கு என்ற வேறுபாட்டை நான் காணவில்லை.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): இப்போது பணக்கார நாடாக இருக்கும் எதற்காவது, எப்போதாவது கடன் தள்ளுபடி கிடைத்திருக்கிறதா?

பதில்: கிடைத்திருக்கிறது, ஜெர்மனிக்கு. உலகப் போரில் தோற்று எட்டே ஆண்டுகளில், 1953 பிப்ரவரி 27-ஆம் தேதி, லண்டனில் கையெழுத்தான உடன்பாட்டில் மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறத்தாழ பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. மீதிக்கு வட்டி குறைக்கப்பட்டு, நீண்ட தவணை கொடுக்கப்பட்டது. ஜெர்மன் தரப்பில் பேசிய வங்கியாளர் ஹெர்மன் யோசெப் ஆப்ஸ், நாடு தன் ஏற்றுமதியிலிருந்து சம்பாதித்துக் கட்டக்கூடிய அளவுதான் தவணை இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று சாதித்தார். நடைமுறையில் ஜெர்மனியின் தவணை அதன் ஏற்றுமதி வருவாயில் ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. 1996-இல் ஆப்பிரிக்க நாடுகளுக்குத் திட்டம் வகுத்தவர்களோ, ஏற்றுமதி வருவாயில் 20 முதல் 25 சதவீதம் வரை கடனுக்குப் போவது தாங்கத்தக்கதே என்று எழுதினார்கள்.

ஜெர்மனிக்கு அந்தச் சலுகை கிடைத்ததும் இரக்கத்தால் அல்ல. சோவியத் ஒன்றியத்துக்கு எதிரே உறுதியான மேற்கு ஜெர்மனி தேவைப்பட்டது. ஆனால் விட்டுக்கொடுப்பது என்று தீர்மானித்தபின் பேரம் பேசாமல், அந்நாடு எழுந்து நிற்கும் அளவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். உங்களுக்காக ஒரு தகவல்: அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்ட நாடுகளின் பட்டியலில் கிரேக்கம், பாகிஸ்தான் ஆகியவற்றோடு அன்றைய சிலோனும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் தன் வெளிக்கடனைக் கட்ட முடியவில்லை என்று அறிவித்த அதே நாடு, 1953-இல் ஜெர்மனிக்குச் சலுகை கொடுத்தவர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

அந்த லண்டன் உடன்பாட்டில், 1945 முதல் 1952 வரை ஏறிய வட்டியின் ஒரு பகுதி, இரண்டு ஜெர்மனிகளும் என்றைக்காவது ஒன்றுசேர்ந்தால் அப்போது கட்டலாம் என்று ஒத்திவைக்கப்பட்டிருந்தது. 1990-இல் ஒன்றுசேர்ந்த பிறகு, அதற்காக இருபது ஆண்டுத் தவணையில் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. கடைசித் தவணையான சுமார் 7 கோடி யூரோவை ஜெர்மனி 2010 அக்டோபர் 3-ஆம் தேதி கட்டி முடித்தது.